அவருக்குத் தெரியாமல் வேண்டாம்

ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. சாதாரண தரம் வரைக்கும் படித்தவள். அதிலும் கணிதம் தவறிவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவருக்கு நான் எழுதுவது தெரியாது. மாற்றலாகிப் போன பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிக் கதைப்பது என்றால் அவருக்கு அறவே பிடிக்காது. அதனால் பெயரையாவது விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் அவரைக் ‘கவுன்சிலிங் மிஸ்’ என்பார்கள். உளவியலாளர் என்பதுதான் சரியான சொல் என்று ஒருநாள் அவரே சொன்னார். “ஆனா அதைச் சொல்லி முடிக்க முதல் ஆக்கள் போயிடுவினம் அக்கா. மிஸ் எண்டே கூப்பிடுங்கோ.”

முப்பத்தைந்து வயது மதிக்கலாம். குட்டை, கொஞ்சம் தடிப்பு. சிவப்பு ஸ்கூட்டி ஒன்றில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றினால் எங்கேயும் வைக்கமாட்டார், குழந்தையைப்போல மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பார். குரல்தான் ஆளைவிடப் பெரிது. கரையில் நின்று கடலில் இருக்கும் வள்ளத்தைக் கூப்பிடக்கூடிய குரல். அவர் மெதுவாகக் கதைத்தாலும் மூன்றாம் வீட்டில் கேட்கும். எங்கள் ஒழுங்கை முகப்பில் சின்னக் கடை வைத்திருக்கும் மாமி, “மைக் பூட்டின மிஸ் வாறா” என்றுதான் சொல்லுவா.

எல்லாருக்கும் நீங்கள் போட்டுத்தான் கதைப்பார். பஸ் நிலையத்தடியில், டவுனுக்குள் திரியும் மான்கள் றோட்டுக்குக் குறுக்கே வந்தால் மற்றவர்கள் ஹோன் அடித்து விரட்டுவார்கள். மிஸ் ஸ்கூட்டியை நிறுத்தி, “போங்கோ, போங்கோ, நான் நிக்கிறன்” என்று மானுக்குச் சொல்லியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு நாய்க்கும் அதே மரியாதைதான். “கொஞ்சம் தள்ளி இருங்கோ, எனக்கு உங்களைப் பயம்” என்பார். நாயும் தள்ளித்தான் இருந்தது.

முன்பு துவக்குத் தூக்கி, பிறகு மனம் குழம்பிப்போன ஆட்களைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. எந்தப் பக்கத்தில் நின்று தூக்கினார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. கடற்படையில் இருந்து வந்த சிங்கள ஆட்கள், ஊர்காவல் படையில் இருந்த கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள், இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவர்கள் என்று எல்லாரையும் கிளினிக்கில் ஒரே நீள வாங்கில் இருத்திவிடுவார். முன்பு ஒருவரை ஒருவர் சுட்டிருக்கக்கூடியவர்கள் அந்த வாங்கில் மின்விசிறிக்காகத் தள்ளித் தள்ளி இருப்பார்கள்.

இவர், அதாவது என் கணவர், மூன்றாவது வகை. இயக்கத்தின் கடற்பிரிவில் இருந்தவர். புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்த முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தார். உள்துறைமுகக் கரையில் மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துவார். அதற்குப் பிறகு, துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில் இருந்து தன்னுடைய பழைய பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். இயக்கத்தில் வைத்த பெயர். எனக்குக்கூட அந்தப் பெயர் அதுவரை தெரியாது. கப்பல் சங்கு ஊதினால் முற்றத்தில் நின்று பதில் கத்துவார். ஒழுங்கையே கேட்கும். நான் யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பேன். கடையில் யாரும் கேட்டால் பிரஷர் என்று சொல்லுவேன். கோயில் திருவிழாவுக்குப் போவதை விட்டேன். எங்கள் மகள் வவுனியாவில் கலியாணம் முடித்து இருக்கிறாள். அவளுடைய மாமியார் வீட்டு ஆட்கள் வரப்போகிறோம் என்றால், வீட்டில் அம்மை நோய் என்று சொல்லி நிறுத்தினேன்.

மிஸ் முதல் நாள் வந்தபோது நான் படலைக்கு ஓடிப்போய் நின்றேன். உள்ளே இவர் இருக்கிறார். கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி, “மிஸ், உள்ளுக்கு வாறதுக்கு முதல் உங்களிட்ட ஒரு கதை சொல்ல வேணும். இவர் இப்ப...” என்று தொடங்கினேன். மிஸ் என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

“அண்ணை! உங்கட மனுசி உங்களைப் பற்றி என்னவோ சொல்லப் போறாவாம். நீங்களும் வந்தால்தான் நான் கேப்பன். வாறீங்களோ?”

எனக்கு நிலம் பிளக்கக்கூடாதா என்று இருந்தது. கடை மாமி கடைக்கு வெளியே வந்து நின்றா. எதிர்வீட்டில் றேடியோவைக் குறைத்தார்கள். இவர் மெல்ல வெளியே வந்து, மிஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆர் உங்களை அனுப்பினது?”

“உங்கட மனுசி ஆஸ்பத்திரியில சொன்னவ, அங்கயிருந்து எனக்குச் சொன்னவை. நான் மனநோய் உள்ள ஆக்களைப் பாக்கிறனான். உங்களைப் பாக்க வந்தனான். வேண்டாம் எண்டால் போயிடுவன்.”

“வேண்டாம்.”

“சரி” என்று சொல்லி மிஸ் போய்விட்டார். உண்மையாகவே போய்விட்டார்! ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மனநோய் என்ற சொல்லை நடு ஒழுங்கையில் உடைத்துவிட்டு, செய்ய வந்த வேலையையும் செய்யாமல் போனவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த கிழமை திரும்ப வந்து, படலைக்கு வெளியே நின்று அதே கேள்வியைக் கேட்டார். இவர் வேண்டாம் என்றார். அதற்கு அடுத்த கிழமை நல்ல மழை. மழைக்குள் நின்று கேட்டார். இவர், “மழைக்கு மட்டும் வந்து இருங்கோ. கதைக்க ஏலாது” என்றார். மிஸ் வந்து கதிரையில் இருந்து, மழை விட்டதும் எழும்பிப் போனார். நான்காவது தடவை இவரே கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

‘அவருக்குத் தெரியாமல் வேண்டாம்.’ இதுதான் மிஸ் அடிக்கடி சொல்லுகிற வசனம். தனியே தொலைபேசி எடுத்து எதையாவது சொன்னால், “இதை நான் அண்ணைக்குச் சொல்லுவன், சரியோ?” என்பார். சரியில்லை என்றால், “அப்ப எனக்கும் சொல்ல வேண்டாம் அக்கா” என்று வைத்துவிடுவார். தான் எழுதுவதையும் திருப்பிக் காட்டுவார். ஒருநாள் இவர் அதை வாசித்துவிட்டு, “‘சந்தேகம் கூட’ எண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்குச் சந்தேகம் இல்லை, கவனம்” என்றார். மிஸ் யோசித்துவிட்டு இரண்டையும் எழுதினார். “நான் சந்தேகம் எண்டு நினைக்கிறன். நீங்கள் கவனம் எண்டு சொல்லுறீங்கள். ரெண்டும் இருக்கட்டும்.” இவர் சிரித்தார். இவர் சிரித்து நான் கண்டு கனகாலம்.

அவர் பெரிய கெட்டிக்காரி என்று நான் சொல்ல வரவில்லை. நேரத்துக்கு வரமாட்டார். சமைக்கத் தெரியாது. தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு, “இது என்ன கறி எண்டு நானே மறந்துபோனன்” என்று எங்கள் வீட்டுச் சம்பலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வெயில் ஏறிய ஒருநாள், இவர் கதைத்துக்கொண்டிருக்கக் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நான் பதறிப்போனேன். விழித்ததும் மிஸ், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, வெருகலுக்குப் போய் நேர இஞ்ச வந்தனான். நீங்கள் சொன்னதில பாதி கேக்கேல்ல” என்றார். இவருக்குக் கோபமே இல்லை. “பரவாயில்லை, நான் காவலுக்கு இருந்தனான்” என்றார்.

ஆனால் அவருடைய இந்தக் குணத்தால் எல்லாருக்கும் நன்மை வந்தது என்று சொல்ல ஏலாது. இவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போன ஒருநாள், வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் கிண்ணியாவில் இருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். தம்பி முன்பு ஊர்காவல் படையில் இருந்தவராம். வீட்டைவிட்டு வெளியே வராதவர். அவருடைய நானா அவரை அடையாள அட்டை எடுக்கப் போகிறோம் என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தம்பி புதுச் சேட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, படம் பிடிக்கத் தயாராக இருந்தார். மிஸ் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“தம்பி, நீங்கள் எங்க வந்திருக்கிறீங்கள் எண்டு தெரியுமோ?”

“ஐடென்டிகாட் எடுக்க.”

“இது அந்தக் கந்தோர் இல்லை. இது மனநோய்க் கிளினிக். நான் உங்களோட கதைக்க ஆசைப்படுறன். இருக்கிறீங்களோ, போறீங்களோ?”

தம்பி நானாவைப் பார்த்தார். பிறகு எழும்பி, வாசலால் போய், றோட்டைக் கடந்து போய்விட்டார். நானா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கம் மிஸ்! மூணு மாசமாப் பொய் சொல்லிச் சொல்லி இண்டைக்குத்தான் வெளிய எடுத்த. உங்கட உண்மையை வச்சிக்கிட்டு நாங்க என்ன செய்யிற?”

மிஸ் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தம்பி போன பக்கம் ஸ்கூட்டியில் போனார். பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்களை அந்த வாங்கில் நான் காணவில்லை. மிஸ் கிண்ணியாவுக்குப் பல தடவை போய்ப் படலையில் நின்றதாகவும், நானா திறக்கவில்லை என்றும் இவரிடம் சொன்னாராம். அன்றைக்கு நான் மனதுக்குள் நானாவின் பக்கம்தான் நின்றேன். உண்மை சொல்லுகிறவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் வருத்தக்காரரோடு இருக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்போடுதான் நான் அந்தக் காரியத்தைத் தொடங்கினேன்.

கிளினிக்கில் டொக்டர் இவருக்கு மாத்திரை எழுதியிருந்தார். இவர் ஒரு மாதம் குடித்துவிட்டு, கை நடுங்குகிறது, ஸ்குறூ பிடிக்க ஏலாது என்று கிணற்றடியில் கொட்டிவிட்டார். டொக்டர் கை நடுங்காத வேறு மாத்திரை எழுதித் தந்தார். அதை இவர் தொடவே இல்லை. கத்துவது கூடியது. ஒருநாள் விடியற்காலை கப்பலுக்குப் போகிறேன் என்று இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். மீன் எடுக்க வந்த ஆட்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஈரச் சாரத்தோடு ஒழுங்கையால் கூட்டி வந்தபோது எல்லாரும் வாசலில் நின்றார்கள். அன்று பின்னேரம் கடை மாமி சீனி நிறுத்துக்கொண்டே சொன்னா:

“உனக்கு என்ன பிள்ளை விசரோ? குழந்தைக்கு மருந்து குடுக்கக் கேட்டுக்கொண்டே குடுக்கிறாய்? இடிச்சுத் தேத்தண்ணிக்குள்ள போடு. இஞ்சி கூடப் போட்டால் தெரியாது.”

அப்படித்தான் செய்தேன். தம்ளரின் அடியால் நசித்து, கடுதாசியில் எடுத்து, கடும் இஞ்சித் தேத்தண்ணியில் கலந்தேன். மாத்திரையை ஆஸ்பத்திரியில் மாதாமாதம் நான்தான் போய் எடுப்பேன். மிஸ் ஆஸ்பத்திரி ஆள் இல்லை, வேறு திட்டத்தில் வேலை செய்தபடியால் அது அவருக்குத் தெரியவராது.

நாலைந்து நாளில் இவர் கிளாஸை மணந்து பார்க்கத் தொடங்கினார். “இதுக்குள்ள என்னவோ போடுறாய்” என்றார். பிறகு என் கையால் ஒன்றும் வாங்கவில்லை. கோதோடு அவித்த முட்டை, தோலோடு வாழைப்பழம், உடைக்காத பிஸ்கற் பைக்கற், இவைதான் சாப்பாடு. நான் கலந்து மேசையில் வைக்கும் தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடக்கும். மெலிந்துபோனார். மிஸ் வந்தபோது கதிரையில் இருக்கவும் விடாமல் கத்தினார்.

“இவள் எனக்கு நஞ்சு வைக்கிறாள் மிஸ். தேத்தண்ணிக்குள்ள போடுறாள்.”

மிஸ் வழக்கம்போலத்தான் செய்தார். என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்கவில்லை. இவருக்கு முன்னால் என்னை நிற்கவைத்து, இவர் பார்த்திருக்கக் கேட்டார்.

“அக்கா, அண்ணையின்ர தேத்தண்ணிக்குள்ள நீங்கள் ஏதும் போடுறீங்களோ?”

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஓம் என்று நான் எப்படிச் சொல்லுவது?

“இல்லை மிஸ். இஞ்சி மட்டும்தான்.”

மிஸ் இவர் பக்கம் திரும்பினார். “அண்ணை, அக்கா ஒண்டும் போடேல்ல. இது உங்கட வருத்தம் சொல்லுற பொய். நான் உங்களுக்கு இதுவரைக்கும் பொய் சொல்லியிருக்கிறனோ?”

“இல்லை.”

“அப்ப இதையும் நம்புங்கோ. நான் பொறுப்பு.”

இவர் கனநேரம் யோசித்தார். பிறகு மேசையில் இருந்த கிளாஸை எடுத்து, மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்தார். அதற்குள் அன்றைய மாத்திரை இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. மிஸ் பொறுப்பு என்று சொன்ன தேத்தண்ணி அல்லவா? இவர் மணந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் கப்பல்கள் அமைதியாகின. சவரம் செய்துகொண்டார். கரைக்குப் போய் இஞ்சின் வேலை தொடங்கினார். மகளும் மருமகனும் வந்து தங்கிவிட்டுப் போனார்கள். வாங்கில் பக்கத்தில் இருக்கிற ஆட்களுக்கு இவர் புத்தி சொல்லுவார். “மாத்திரை ஒண்டும் தேவையில்லை. மிஸ்ஸோட கதைச்சுத்தான் நான் சுகப்பட்டனான்.” மிஸ் கைகூப்பி, “அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. உங்களுக்கு எப்பிடிச் சுகம் வந்தது எண்டு எனக்கே விளங்கேல்ல. மற்றவை தயவுசெய்து மாத்திரையை விடாதேங்கோ” என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் குழப்பமும் இருக்கும், மகிழ்ச்சியும் இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கின் விளிம்பைச் சுரண்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வருகிற நாள் இல்லாத நாளில் மிஸ் வந்தார். சம்பல் கொடுத்துவிட்ட என் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவர், கூப்பிட்டும் எனக்குக் கேட்காதபடியால் பின்பக்கமாகக் குசினிக்கு வந்துவிட்டார். அந்தக் குரல் எனக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டில் உரலில் மா இடித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் தம்ளர் இருந்தது. கடுதாசியில் வெள்ளைத் தூள் இருந்தது. பக்கத்தில் மாத்திரை மட்டை.

மிஸ் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தேங்காய் திருவும் பலகையில் இருந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் மெல்லிய குரலில் கதைத்ததை முதன்முதலாகக் கேட்டேன்.

“எப்ப இருந்து அக்கா?”

“கடலுக்குள்ள இறங்கின அண்டையில இருந்து.”

“நான் கேட்ட அண்டைக்கும்?”

“ஓம் மிஸ்.”

மிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அவருடைய காலடியில் இருந்து கெஞ்சினேன். “சொல்லிப்போடாதேங்கோ மிஸ். இப்பதான் மனுசனாத் திரியிறார். சொன்னால் எல்லாத்தையும் விட்டிடுவார். திரும்பத் தண்ணிக்குள்ள இறங்குவார். உங்களைக் கும்பிட்டன்.”

“நான் பொறுப்பு எண்டு சொன்னனான் அக்கா. அந்தச் சொல்லை நம்பித்தானே குடிச்சவர்.”

“அதால நன்மைதானே வந்தது?”

“ஓம், நன்மை வந்தது. அதுதான் எனக்கும் பயமா இருக்கு.” மாத்திரை மட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதைத் திடீரென நிப்பாட்டக் கூடாது. அவருக்குத் தெரியாமல் தொடரவும் ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாறன். நீங்கள் முதல் சொன்னால் நல்லது. இல்லாட்டில் நான் சொல்லுவன். உங்களுக்குத் தெரியாமல் சொல்லக்கூடாது எண்டுதான் இப்ப உங்களுக்குச் சொல்லுறன்.”

அந்த இரண்டு நாளும் நான் சொல்லவில்லை. சொல்லப்போனேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அல்லது பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை, “என்ன முகம் ஒருமாதிரி இருக்கு? காய்ச்சலோ?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கை நெற்றியில் இருக்கும்போது எப்படிச் சொல்லுவது? சனிக்கிழமையும் இஞ்சித் தேத்தண்ணி போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் போட்டேன்.

மிஸ் வந்தபோது இவர் முற்றத்தில் பழைய சீலையை விரித்து, ஏதோ இஞ்சின் பாகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. கதிரையில் இருக்காமல் சீலைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார்.

“அண்ணை, நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறன். தெரியாமல்தான் சொன்னனான். ஆனால் சொன்னது நான்.”

“என்ன மிஸ்?”

“தேத்தண்ணிக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு சொன்னனான். இருந்தது. டொக்டர் தந்த மாத்திரை. நஞ்சில்லை. ஆனால் நீங்கள் சொன்னது சரி. என்னவோ இருந்தது.”

இவர் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. மண்ணெண்ணெய் விரலால் சொட்டியது.

“அப்ப நான் சொன்னது சரி.”

“ஓம் அண்ணை.”

“எல்லாரும் எனக்கு விசர் எண்டவங்கள்.”

“அந்த விசயத்தில நீங்கள்தான் சரி. கப்பலில கூப்பிடுறது வருத்தம்தான் எண்டு நான் இப்பவும் நினைக்கிறன். அது நிண்டது இந்த மாத்திரையாலதான். ஆனால் தேத்தண்ணி விசயத்தில உங்களுக்கு வருத்தம் இல்லை. எனக்குத்தான் கண் தெரியேல்ல.”

இவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “இண்டைக்கும் போட்டனியோ?”

நான் தலையை ஆட்டினேன். இவர் பார்க்காதபடியால் மிஸ், “ஓம் எண்டுறா” என்றார்.

“முகாமில இருக்கேக்க எனக்கு ஒரு மாத்திரை தந்தவங்கள்” என்றார் இவர். “குடி எண்டு சொல்லி, விழுங்கும்வரைக்கும் முன்னால நிண்டவங்கள். வாயைத் திறந்து காட்டச் சொன்னவங்கள். ஆனால் முகத்துக்கு நேரதான் தந்தவங்கள். அவங்கள்கூட ஒளிச்சுத் தரேல்ல.”

அந்தச் சொல்லை இவர் மெதுவாகத்தான் சொன்னார். ஒழுங்கையில் யாருக்கும் கேட்டிருக்காது. ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்திய நாட்களில் எனக்கு வந்த வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

மிஸ் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பற்றி ஒரு சொல் பிழையாகச் சொல்லவில்லை.

“அக்காவை உங்களுக்கு முன்னால நிப்பாட்டிக் கேட்டது நான். ஒளிவு மறைவு இல்லாமல் நடக்கிறன் எண்டு எனக்கு ஒரு பெருமை. உங்கட கண்ணுக்கு முன்னால அவ வேற என்ன சொல்லியிருப்பா? நான் அவவைப் பொய் சொல்லப் பண்ணினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

இரண்டு பேரிடமும் சேர்த்துத்தான் கேட்டார். நான் இதுவரை கண்ட பெரிய ஆட்கள் எவரும் எங்களைப் போன்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எனக்கு அதைக் காதால் வாங்கவே கூசியது.

“இனி நீங்கள் சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது மிஸ்?”

“தெரியாது அண்ணை.”

“அந்த மாத்திரையை நான் குடிக்கமாட்டன் எண்டால்?”

“திரும்ப வருத்தம் வரும் எண்டு நினைக்கிறன். பயமா இருக்கு. ஆனால் ஒளிச்சுத் தரச் சொல்லமாட்டன்.”

“நீங்கள் போங்கோ மிஸ்.”

மிஸ் எழும்பினார். சட்டையில் மண் ஒட்டியிருந்தது, தட்டவும் இல்லை. படலைக்கு வெளியே போய் ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணினார். அது பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினார். இருமிவிட்டு நின்றது. கடை மாமி கடைக்கு வெளியே வந்தா. மிஸ் ஹெல்மெட்டுக்குள் அழுகிறாரோ என்று எனக்குப் பட்டது. தோள் குலுங்கியது.

இவர் எழும்பினார். படலையைத் திறந்துகொண்டு போய், “தள்ளி நில்லுங்கோ” என்றார். மிஸ் தள்ளி நின்றார். இவர் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றினார். சாரத்தில் துடைத்தார், ஊதினார், திரும்பப் பூட்டினார். காலால் ஒரே உதை. ஸ்கூட்டி பிடித்துக்கொண்டது.

“பிளக் கறுத்துப் போச்சு. மாத்த வேணும். இல்லாட்டில் வெருகல் றோட்டில எங்கயும் நிண்டிடும்.”

“சரி அண்ணை.”

மிஸ் போய்விட்டார். இவர் முற்றத்துக்கு வந்து, விட்ட இடத்தில் இருந்து கழுவத் தொடங்கினார். இரவு இவர் கடையில் பாண் வாங்கி வந்து, தானே வெட்டித் தின்றார். மாத்திரை மட்டையை நான் மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். இவர் அதைத் தொடவில்லை. குடியுங்கோ என்று சொல்லுவதற்கு எனக்கு முகம் இல்லை.

அடுத்த நாள் காலை இவர் முகம் கழுவிவிட்டு வந்து, மட்டையில் இருந்து ஒரு மாத்திரையை உடைத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கத் தண்ணீரோடு விழுங்கினார். பிறகு வேலைக்குப் போனார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.